கப்பித்தானின் தங்கச்சி

குணலட்சுமி தன் வாழ்க்கையில் பெரிதாக ஒரு பொய்தான் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இருபத்தாறு வாரம் எடுத்தது. பிறகு அது பத்து வருடம் இணுவிலில் ஓர் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெரு முழுவதும் நல்ல சுகத்தோடு உலாவித் திரிந்தது.

அவளைத் தெரிந்தவர்கள் இதை லேசில் நம்பமாட்டார்கள். மானிப்பாயில் ஒரு நொத்தாரிசுவின் கந்தோரில் அவளுக்குத் தட்டெழுத்து வேலை. காணி உறுதி அடிக்கிற இடம். வடக்கு எல்லை என்று விழவேண்டிய இடத்தில் கிழக்கு என்று விழுந்தால் ஒருவருடைய கிணறு அடுத்தவருடைய வளவுக்குள் போய்விடும். பிறகு பேரன் காலம்வரைக்கும் வழக்கு. அதனால் ஒவ்வொரு தாளையும் மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் உருளையிலிருந்து எடுப்பாள். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவளுடைய கணவன் நடராசா வானொலி திருத்துகிறவன். "நூறு தரம் சொல்லிப்போட்டன்" என்று அவன் எப்போதாவது அலுத்துக்கொண்டால், "நாலு தரம்தான் சொன்னனீங்கள்" என்பாள். நடராசாவுக்குக் கோபம் வராது. "சரியப்பா, நாலு" என்று ஒத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பான்.

இதனால் ஒழுங்கையில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவளிடம்தான் வந்தது. தூதரகக் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்துத் தாள், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற துண்டு, எல்லாம். வாசிப்பாள், தமிழில் சொல்லுவாள், மடித்துக் கொடுப்பாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். விசா கிடைத்ததையும் கிடைக்காததையும் ஒரே குரலில்தான் சொல்லுவாள். "குணம் சொன்னால் கடுதாசியே வாய்திறந்து சொன்ன மாதிரி" என்று சனம் சொல்லும். காதில் கழுத்தில் பெரிதாக ஒன்றும் போடாத குணலட்சுமிக்கு அந்தப் பேச்சுத்தான் நகை.

பொய் தொடங்கியது எண்பத்துநாலில். அப்போது அந்த ஒழுங்கையில் நடராசா வீட்டில் மட்டும்தான் ரீவி இருந்தது. திருத்தக் கொடுத்தவர் அதை மறந்து கனடாவுக்குப் போய்விட்டதால் தங்கிப்போன சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. வியாழக்கிழமைகளில் பின்னேரம் ஏழு மணிக்கு அதில் ஓர் ஆங்கிலத் தொடர் வந்தது. ஆகாயத்தில் வழிதவறிப் போன ஒரு கப்பல் வீடு திரும்பப் பார்க்கிறது, வாரத்துக்கு ஒரு கிரகத்தில் போய் மாட்டுப்படுகிறது, அவ்வளவுதான் கதை. அதன் ஆங்கிலப் பெயர் ஒருவருக்கும் வாயில் நுழையாததால் 'வான்கப்பல்' என்று பெயராயிற்று. கப்பலை நடத்துகிறவன் கப்பித்தான். தலையில் மயிரில்லாத இயந்திரகாரன் மொட்டையர். உருளை உடம்போடு தத்தித் தத்தி நடக்கிற இயந்திர மனிதனுக்குத் தகரத்தார் என்று மரியாதையாகவே பெயர் வைத்தார்கள். வயது தெரியாத ஒருவரைத் தகரம் என்று கூப்பிட எப்படி மனம் வரும்? வேரா என்ற பெண் டொக்ரரை மட்டும் சொந்தப் பெயரிலேயே விட்டார்கள்.

படத்தின் அடியில் சிங்கள எழுத்து ஓடும். ஒழுங்கையில் சிங்களம் தெரிந்தவர் அருளம்பலத்தார் ஒருவர்தான். தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து, எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து, இப்போது புகையிலை நடுகிறவர். அவர் எழுத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவாரே தவிர வாய் திறக்கமாட்டார். கேட்டால், "உது கெதியா ஓடுது. கடைப் பில் எண்டால் வாசிப்பன்" என்பார். ஆகவே பொறுப்பு குணலட்சுமியின் தலையில் விழுந்தது. ரீவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாங்கு போட்டு, பாதி முகத்தைப் படத்துக்கும் பாதி முகத்தைச் சனத்துக்கும் காட்டிக்கொண்டு இருப்பாள். ஒரு வசனத்தைக் கேட்டுத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மூன்று வசனம் போய்விடும். ஓடிப்பிடித்து நாலாவதைச் சொல்லுவாள். முன்னால் பாயில் இருபது இருபத்தைந்து பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை தொடங்கிய பிறகுதான் அதிலிருந்த வில்லங்கம் அவளுக்குத் தெரிந்தது. ஆங்கிலக்காரனுக்கு எல்லாருக்கும் ஒரே சொல்தான். கப்பித்தானுக்கும் 'யூ', தகரத்தாருக்கும் 'யூ', மூன்று கண் வைத்த அரசனுக்கும் 'யூ'. தமிழில் அப்படி நடக்காது. வாய் திறக்க முதல் ஆர் ஆருக்கு என்ன முறை என்று தெரிந்தாக வேண்டும். நீயா, நீரா, நீங்களா? முதல் வாரம் குணலட்சுமி சமாளித்துவிட்டாள். "சாப்பிட்டாச்சோ?", "போகலாம்தானே?", "இனி என்ன செய்யிறது?" என்று ஆளைத் தொடாமலே கப்பித்தானையும் வேராவையும் ஒரு மணித்தியாலம் கதைக்க வைத்தாள். புது மாப்பிள்ளையும் பொம்பிளையும் கதைக்கிற மாதிரி இருந்தது.

அதுதான் பிழையாய்ப் போனது. இரண்டாவது வாரம் பத்மாவதி கேட்டுவிட்டார்.

பத்மாவதி ஒழுங்கை முழுவதற்கும் பெரியக்கா. புருசன் இல்லை, பஞ்சலிங்கம் என்று ஒரே மகன். ஆனால் ஊரிலுள்ள குமர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் தானே பொறுப்பு என்று ஒரு நினைப்பு. அன்றைக்கும் ஆறேழு பெட்டைகளைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"பொறும் பிள்ளை" என்றார். "உந்தப் பெடிச்சி கப்பித்தானுக்கு என்ன முறை?"

குணலட்சுமியின் ஒரு காது படத்தில் இருந்தது. தகரத்தார் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியக்கா?"

"முறையைக் கேக்கிறன். கலியாணம் கட்டினவையோ?"

"இல்லை."

"கட்டாமலோ ஒரு கப்பலுக்குள்ளை மாசக்கணக்காத் திரியினம்?" பெரியக்காவின் கை பக்கத்துப் பெட்டையின் தோளைத் தட்டியது. எழும்பு, போவம் என்று அர்த்தம். பின்வரிசையில் இன்னும் இரண்டு தாய்மார் சேலையைச் சரிசெய்தார்கள்.

தகரத்தார் சொன்னது போயே போய்விட்டது. குணலட்சுமி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தமையனும் தங்கச்சியும்" என்றாள்.

பெட்டைகள் திரும்ப இருந்தார்கள். தாய்மார் காலை நீட்டினார்கள். "அதைச் சொல்ல வேண்டாமே முதலிலை" என்றார் பெரியக்கா. "முகச்சாயலைப் பாத்தன், எனக்கும் அப்பிடித்தான் பட்டது."

அதற்குப் பிறகு நீ, நீர் என்ற தொல்லை இல்லை. கப்பித்தான் "தங்கச்சி" என்றான், வேரா "அண்ணை" என்றாள், தமிழ் தண்ணீராய் ஓடியது. பெரிய கரைச்சல் ஒன்பதாவது வாரம் தொடங்கியது. வேராவுக்குக் காய்ச்சல் வந்து, கப்பித்தான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நீ இல்லாமல் நான் இல்லை என்று ஆங்கிலத்தில் அழுதான். குணலட்சுமி ஒரு கணம் யோசித்துவிட்டு, "நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவன்" என்று போட்டாள். பாயில் இருந்த அவ்வளவு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். பதினாலாவது வாரம் வேறொரு கப்பலின் அதிகாரி வேராவோடு சிரித்துக் கதைத்ததற்குக் கப்பித்தான் அவனோடு முகம் முறித்தான். "தமையன் எண்டால் அப்பிடி இருக்கோணும்!" என்று பெரியக்கா கைதட்டினார். இரண்டு சூரியன் இருந்த கிரகத்துக்குப் போன வாரம் மட்டும் அவள் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லாமல் போயிற்று. அன்றைக்கு அருளம்பலத்தார், "ரெண்டு சூரியன் எண்டால் தைப்பொங்கலுக்கு எதுக்குப் படைக்கிறது?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார். பெரிய சூரியனுக்கா, முதலில் உதித்ததுக்கா என்ற வாக்குவாதத்தில் பாதிக் கதையை ஒருவரும் கேட்கவில்லை.

கப்பித்தானின் புகழ் ஒழுங்கையில் ஏறிக்கொண்டே போனது. தங்கச்சியோடு சண்டை பிடித்த பெடியன்களுக்கு, "கப்பித்தானைப் பாரடா" என்று அடி விழுந்தது. அருளம்பலத்தாரின் மூத்த மகன் சீவரத்தினம், பதினெட்டு வயது, இரண்டு தங்கச்சிமாருக்கு அண்ணன், அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே நிமிர்ந்து நடக்கத் தொடங்கினான். தொடர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவனை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். முடிவைப் பார்க்காமல் போகிறேனே என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இருபத்தைந்தாவது வாரப் படத்தின் கடைசியில், அடுத்த வாரம் வரப்போவதைக் கொஞ்சம் காட்டினார்கள். கப்பித்தானுடைய முகமும் வேராவுடைய முகமும் மெல்ல மெல்லக் கிட்ட வந்தன. இன்னும் கிட்ட வர முதல் படம் அறுந்தது.

"தங்கச்சியின்ரை கண்ணுக்குள்ளை தூசு விழுந்திட்டுது" என்றாள் குணலட்சுமி. அன்றிரவே எல்லாவற்றையும் நடராசாவுக்குச் சொன்னாள்.

அடுத்த வியாழன் நடராசா அன்ரனாக் குழாயடியில் நின்றான். வீட்டுக்குள்ளிருந்து அவள் "இரைச்சலாக் கிடக்கு" என்று சொன்னால் அவன் திருப்பவேண்டும். வழக்கமாகச் சரியான பக்கம், அன்றைக்குப் பிழையான பக்கம். அப்படித்தான் ஒப்பந்தம். கால்மணித்தியாலத்தில் வான்கப்பல் புள்ளி புள்ளியாய்க் கரைந்து போனது. "உப்பிடியே கதையின்ரை முடிவு?" என்று சனம் தலையில் கைவைத்தது. சனத்துக்கு மட்டுமா? வாராவாரம் பக்கவாட்டில் இருந்து அரையும் குறையுமாகப் பார்த்த தொடரின் முடிவு குணலட்சுமிக்கும்தான் இல்லாமல் போனது. ஆனால் அதை அவள் ஒருவருக்கும் சொல்லமுடியாது.

மறுநாள் பின்னேரம், நொத்தாரிசு வீட்டில் கேட்டு அறிந்ததாகச் சொல்லி ஒரு முடிவைக் கொடுத்தாள். கப்பல் பூமிக்குத் திரும்பியது. கப்பித்தான் தங்கச்சியை மொட்டையருக்குக் கட்டிக்கொடுத்தான். தகரத்தார் முன்னுக்கு நின்று எல்லாம் ஒழுங்குசெய்தார். பொறுப்பு முடிந்த கப்பித்தான் தனியே கப்பலில் ஏறித் திரும்ப ஆகாயத்துக்குப் போனான். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொட்டையர் நல்ல மனுசன். தலைமயிரே சோறு போடுறது?" என்றார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி மின்சாரம் நின்றது. ரீவி சேலை போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. நடராசா சைக்கிள் டைனமோவில் வானொலி பூட்டிக்கொடுத்துப் பிழைத்தான். படம் இல்லாத அந்த வருடங்களில்தான் வான்கப்பல் உண்மையில் பெரிதாக வளர்ந்தது. மண்ணெண்ணெய் வரிசையில், கிணற்றடியில், சங்கக்கடை வாசலில் அதைக் கதைத்தார்கள். "அந்த மழைக் கிரகத்திலை தகரத்தாருக்குத் துருப்பிடிச்சது நினைவிருக்கே?" என்று ஒருவர் தொடங்கினால் வரிசை முடியும்வரை ஓடும். பார்க்காத பிள்ளைகளுக்கும் கதை மனப்பாடம். எல்லாம் குணலட்சுமியின் வான்கப்பல். அவள் கேட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். ஒரு பக்கம் பெருமையாகவும் இருக்கும்.

தொண்ணூற்றைந்து மாசியில், சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாளில், சீவரத்தினம் ஜேர்மனியிலிருந்து வந்தான். வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. தாய்க்குச் சேலை, தகப்பனுக்குக் கம்பளிச் சட்டை, ஒழுங்கைக்கு ஒரு வீடியோ கசெற்.

"வான்கப்பல், குணக்கா! கடைசி அங்கம்!" படலையிலேயே நின்று கத்தினான். "அங்கை ரீவியிலை திரும்பப் போட்டவங்கள். எனக்கு வேலை. கூட இருக்கிற பெடியனைக்கொண்டு எடுப்பிச்சன். நான் இன்னும் பாக்கேல்லை, உங்கள் எல்லாரோடையும் இருந்து பாக்கோணும் எண்டு வைச்சிருந்தனான்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்று முடிவாயிற்று. வீடியோ டெக்கும் கலர் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். குணலட்சுமி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ. அந்த டெக் வந்தால் முதலிலை உங்கடை கைக்குத்தானே வரும்?"

"ஓம்."

"ஏதாவது ஒரு வயரை..."

நடராசா குறடைக் கீழே வைத்தான். "என்னப்பா கதைக்கிறீர்? பழுதானதைத் திருத்திறது என்ரை தொழில். நல்லதைப் பழுதாக்கச் சொல்லுறீரே?"

"அண்டைக்கு அன்ரனாவைத் திருப்பினனீங்கள்தானே?"

"அது திருப்பினது. பழுதாக்கேல்லை." குறடைத் திரும்பக் கையில் எடுத்தான். "ஒரு நாடகந்தானே. சனம் சிரிச்சுப்போட்டுப் போகும்."

"நாடகத்திலை மாத்தினவள் கடுதாசியிலை மாத்தியிருக்கமாட்டாளோ எண்டு கேட்டால்?"

"மாத்தினனீரோ?"

குணலட்சுமி அடுப்படிக்குள் போய்விட்டாள். மாற்றியிருந்தாள். ஒரே ஒரு சொல்.

பெரியக்காவின் மகன் பஞ்சலிங்கம் மூன்று வருடத்துக்கு முன் நோர்வேயில் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருந்தான். செய்தி வந்த அன்று பெரியக்கா அவனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண், இங்கிரிட், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். அதன் தொடக்கத்தில், தன் சிநேகிதிக்கு எழுதுகிற மாதிரி, மாமியாரைப் பெயர் சொல்லி, அதுவும் பாதிப் பெயரில், 'அன்புள்ள பத்மா' என்று இருந்தது. பெரியக்கா கதிரையின் நுனியில் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். குணலட்சுமி அந்த முகத்தைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், "அன்புள்ள மாமி" என்று வாசித்தாள். மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து. அன்று பின்னேரமே படம் சுவருக்கு வந்துவிட்டது. "வெள்ளைக்காரி எண்டாலும் மாமி எண்டுதான் எழுதுறாள்" என்று பெரியக்கா ஒழுங்கை முழுக்கச் சொன்னார். பிறகு வந்த பத்துக் கடிதத்திலும் பத்மா மாமியாகத்தான் வாசிக்கப்பட்டாள். அது மொழிபெயர்ப்பு, பொய்யில்லை என்று குணலட்சுமி தனக்குத்தானே பலதரம் சொல்லியிருக்கிறாள். எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யன்னல்களைச் சாக்கால் மூடி, கூடத்தை இருட்டாக்கினார்கள். வெளியே மாமரத்தடியில் ஜெனரேற்றர் உறுமியது. நாற்பது பேராவது இருக்கும். குணலட்சுமிக்கு அவளுடைய பழைய வாங்கு போட்டிருந்தார்கள்.

படம் வந்ததும் கூடமே கூச்சலிட்டது.

"ஐயோ, தகரத்தார் சிவப்பு!"

பத்து வருடமாகச் சாம்பல் நிறத்தில் நினைத்திருந்த தகரத்தார் நல்ல மிளகாய்ப்பழம் மாதிரி நின்றார். வேராவின் தலைமயிர் மஞ்சள். கப்பித்தானின் சட்டை பச்சை. "சட்டையைப் பார், கிளிப்பச்சை. நான் வெள்ளை எண்டெல்லே நினைச்சன்" என்று பெரியக்கா பெருமூச்சுவிட்டார். அந்த அமளி அடங்கிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கப்பித்தான் ஆங்கிலத்தில் பேசவில்லை.

"டொய்ச்சிலை குரல் குடுத்துப் போட்டிருக்கிறாங்கள்" என்றான் சீவரத்தினம், இது ஒரு விசயமா என்ற மாதிரி. "பறவாயில்லை, நான் சொல்லுறன்."

அவனுடைய ஜேர்மன் மொழி உணவகக் குசினியில் படித்தது. "கப்பித்தான் சொல்லுறான்... கெதியா... அடுப்பை... இல்லை, இயந்திரத்தைச் சூடாக்கு எண்டுறான்" என்று மூச்சுவாங்கினான். குணலட்சுமிக்கு ஒரு நொடி மனதில் வெளிச்சம் வந்தது. ஒருவருக்கும் விளங்காத பாஷை! இப்போதும் தான் வாய் திறந்தால், கண்ணுக்குள் தூசு என்று சொன்னால், சனம் அதைத்தான் கேட்கும். கேட்டுத்தானே பழக்கம்.

படத்தில் கப்பித்தான் வேராவின் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே வந்தான். ஏதோ சொன்னான்.

"நான் உன்னிலை அன்பாயிருக்கிறன் எண்டுறான்" என்றான் சீவரத்தினம், குரல் கொஞ்சம் தடுமாறி.

"தங்கச்சியிலை அன்பில்லாமல்?" என்றார் பெரியக்கா.

இரண்டு முகமும் கிட்ட வரத் தொடங்கின. குணலட்சுமி எழும்பி ரீவிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"நிப்பாட்டுங்கோ!"

நடராசா டெக்கின் பொத்தானை அமத்தினான். அவளுடைய தோளுக்குப் பின்னால் கப்பித்தானும் வேராவும் இரண்டு அங்குல இடைவெளியில், கோடு கோடாய் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

"அவை தமையனும் தங்கச்சியும் இல்லை" என்றாள். நாற்பது பேருக்கு முன்னால் அவளுடைய குரல் கடிதம் வாசிக்கிற குரலாகவே வந்தது. "ரெண்டாவது கிழமை பெரியக்கா முறை கேட்டா. நீங்கள் எழும்பிப் போயிடுவியள் எண்டு அப்பிடிச் சொன்னன். பிறகு மாத்த ஏலாமல் போச்சு. காய்ச்சல் வந்த அண்டைக்கு அவன் அம்மாவைப் பற்றிக் கதைக்கேல்லை. முடிவும் நான் கட்டினது. அன்ரனாவை நாங்கள்தான் திருப்பினது."

"நான் திருப்பினது" என்றான் நடராசா மூலையிலிருந்து.



முதலில் வெடித்தவன் சீவரத்தினம். "என்னக்கா நீங்கள்! நான் அந்தக் கப்பித்தானை நினைச்சுத்தானே பத்து வருசம் கோப்பை கழுவினன்! ரெண்டு தங்கச்சிமாரையும் கரைசேத்தது அவனைப் பாத்தெல்லே!"

"நீ கரைசேத்தது உண்மைதானேடா, இரு" என்றார் அவனுடைய தகப்பன். பிறகு தொண்டையைச் செருமினார். "எனக்கு அண்டைக்கே தெரியும்."

"உமக்கோ?" என்றார் பெரியக்கா.

"சிங்களத்திலை எழுத்து ஓடினதுதானே."

"கடைப் பில்தான் வாசிப்பன் எண்டனீர்!"

"முறையை ஆர் என்னட்டைக் கேட்டனீங்கள்?" என்றார் அருளம்பலத்தார் அமைதியாக. அவருக்கு உண்மையில் தெரியுமா, அந்த நேரத்துக்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

மிச்சப் படத்தைப் போட்டார்கள். முகங்கள் கிட்ட வந்தன. தாய்மார் பெட்டைகளின் கண்ணைப் பொத்தினார்கள். பெட்டைகள் விரலுக்கிடையால் பார்த்தார்கள். கப்பல் ஒரு கடற்கரையில் வந்து இறங்கியது. மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். வரவேற்க ஒருவரும் வரவில்லை, கலியாணம் இல்லை, தகரத்தார் கப்பலிலேயே நின்றுவிட்டார். "இதுக்கோ இருபத்தாறு வாரம்?" என்று ஒருவர் கேட்டார். ஆனால் அதற்குச் சிரிக்க ஆளில்லை. பெரியக்கா "வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினார். மற்றவர்களும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மரியாதையாகப் போனார்கள். அந்த மரியாதைதான் குணலட்சுமியைச் சுட்டது.

திங்கள், செவ்வாய், ஒருவரும் வரவில்லை. புதன்கிழமை காலை அவள் மானிப்பாய்க்குச் சைக்கிளில் போகும்போது முன்னால் ஓர் ஒழுங்கைக்காரி, கையில் நீலக் கரைபோட்ட வெளிநாட்டுக் கடித உறையோடு, ஓய்வுபெற்ற தபால் அதிபர் வீட்டுப் படலைக்குள் திரும்புவதைக் கண்டாள். அன்று கந்தோரில் ஓர் உறுதியை ஐந்து தரம் வாசித்தாள்.

வியாழன் பின்னேரம் பெரியக்கா வந்தார். கையில் ஒரு பிஸ்கற் தகரப் பேணி. கதிரையில் இருந்து மூடியைத் திறந்தார். பதினொரு கடிதம், வந்த ஒழுங்கில்.

"முதலாவதிலை இருந்து வாசியும். ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் போடாமல்."

குணலட்சுமி முதலாவதை விரித்தாள். முதலாவது வரியே அதுதான். தப்பிப் போக இடமில்லை.

"அன்புள்ள பத்மா" என்று வாசித்தாள்.

"என்ன?"

"அப்பிடித்தான் கிடக்கு. மாமி எண்டு இல்லை. பதினொண்டிலையும் இல்லை. அது நான் போட்டது, பெரியக்கா."

பெரியக்கா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் விரலை அந்த வரியில் வைத்தார். "எது?"

குணலட்சுமி காட்டினாள்.

"உதோ பத்மா?"

"ஓம்."

பெரியக்கா கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கிழித்துப்போடப் போகிறார் என்றே குணலட்சுமி நினைத்தாள்.

"சின்னனிலை பள்ளிக்கூடத்திலை எனக்குப் பக்கத்து வாங்கிலை ஒருத்தி இருந்தவள்" என்றார் கடைசியில். "குருநகர்ப் பெட்டை, ஸ்ரெல்லா. அவள்தான் என்னைப் பத்மா எண்டு கூப்பிடுறவள். கலியாணம் கட்டின பிறகு ஆர் கூப்பிட்டது? அவர் 'இஞ்சேரும்' எண்டுவார். பிறகு பஞ்சன்ரை அம்மா. பிறகு நீங்கள் எல்லாரும் பெரியக்கா." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொருக்கா வாசியும். அந்த வரியை."

"அன்புள்ள பத்மா."

"ம். இனி மிச்சத்தைச் சொல்லும்."

குணலட்சுமி வாசித்தாள். பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சற்று நேரத்தில் அவருடைய உதடும் கூடவே அசைவதை அவள் கண்டாள். மூன்று வருடத்துக்கு முன் ஒருதரம் கேட்டதை அவர் ஒரு சொல் விடாமல் வைத்திருந்தார். "வாசலில் பனி கொட்டிக் கிடக்கிறது" என்றபோது கண்ணைத் திறந்தார்.

"பிழை. அண்டைக்கு 'முழங்கால் உயரத்துக்கு' எண்டனீர்."

குணலட்சுமி பார்த்தாள். "ஓம், முழங்கால் உயரத்துக்கு எண்டு கிடக்கு. விட்டிட்டன்."

"பாத்து வாசியும்."

பதினொன்றும் முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. வேறு ஒரு பிழையும் பெரியக்காவால் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியாதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். பேணியை மூடினார். எழும்பவில்லை.

"ஒரு தாள் எடும். அவளுக்கு ஒரு பதில் எழுதோணும். நான் சொல்லுறதை அப்பிடியே இங்கிலிசிலை போடும்."

பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, பஞ்சன் உறைப்பைக் குறைத்துச் சமைக்கிறானா, முழங்கால் உயரப் பனியில் பிள்ளையை வெளியில் விடாதே என்று ஒரு பக்கம் சொன்னார். குணலட்சுமி ஒவ்வொரு வரியையும் எழுதி, அதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கீழே வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

"கடைசியிலை என்னெண்டு போட?"

பெரியக்கா யோசித்தார். யன்னலைப் பார்த்தார். ஒழுங்கையில் ஆரோ போகிறார்களா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"பத்மா எண்டு போடும்" என்றார், குரலைத் தாழ்த்தி.

குணலட்சுமி எழுதினாள்.

"எழுதிப்போட்டீரே? அதுக்குப் பக்கத்திலை அடைப்புக்குறிக்குள்ளை மாமி எண்டும் போடும். முறை எண்டு ஒண்டு இருக்கெல்லே."